அரைமீசை விமானம்

"ஏலே வண்டிமலை, உன் ஏரோப்ளேனை இறக்குதியா, இல்ல உன்னைத் தூக்கி அது பக்கத்துல ஏத்தவா?" என்று கோமு மதினி வாசலில் வந்து நின்றபோது அவள் கையில் வாசல் கூட்டுகிற வாரியல் இருந்தது, அவளுக்குப் பின்னால் தெருப் பெண்களில் பாதிப் பேர் இருந்தார்கள், அவர்களுக்குப் பின்னால் வேலைவெட்டி இல்லாத ஆண்கள் அத்தனை பேரும் இருந்தார்கள், ஏனென்றால் இரண்டு நாளாகத் தட்டாங்குறிச்சியில் எந்த வீட்டு டிவியிலும் எந்தச் சேனலும் வரவில்லை, எந்த நம்பரை அழுத்தினாலும் ஒரே படம்தான் வந்தது, அது தட்டாங்குறிச்சி, மேலே இருந்து.

"இறங்க மாட்டேங்கு மதினி," என்றான் வண்டிமலை.

"நீதானல ஏத்துன?"

"நான்தான் ஏத்துனேன். இறங்க மாட்டேங்கு."

அது உண்மை. வண்டிமலைக்குப் பொய் சொல்ல வராது. நல்லவன் என்பதால் இல்லை, பொய் சொன்னால் சொன்னதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும், அதற்கு அவனுக்குப் பொறுமை கிடையாது. ஆடி மூன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊருக்குத் தெற்கே களத்துமேட்டில் இருந்து அவன் விட்ட விமானம், எட்டு நிமிஷத்துக்கு மேல் தாங்காத பேட்டரியோடு மேலே போனது, செவ்வாய்க்கிழமையும் மேலேயே சுற்றிக்கொண்டிருந்தது. எட்டு நிமிஷம் எப்படி இரண்டு நாள் ஆயிற்று என்று அந்தக் கூட்டத்தில் ஒரு ஆத்மா கேட்கவில்லை. ஏழு மணி நாடகத்தில் மருமகளுக்கு விஷம் வைத்தார்களே, அவள் குடித்தாளா இல்லையா என்றுதான் கேட்டார்கள்.

விமானம் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். உடம்பு மீன் வரும் தெர்மாகோல் பெட்டி. றெக்கை இரண்டும் பேரூராட்சித் தலைவிக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லி பஸ் ஸ்டாண்டில் வைத்திருந்த பலகையில் அறுத்தது. தலைவி பேர் கோமதி, கோமு மதினி இல்லை, வேறு ஆள். ஆனால் பலகையில் கோமதியின் படம் தபால்தலை அளவும், அவள் புருஷன் சங்கரபாண்டியின் படம் மாட்டுவண்டி அளவும் இருந்தது, அதுதான் அந்த ஊர் வழக்கம், ஆகவே இடது றெக்கையின் அடியில் சங்கரபாண்டியின் மீசையில் பாதியும் மூக்கு ஓட்டை ஒன்றும் வந்து சேர்ந்திருந்தன. கண், யாரோ தூக்கிப் போட்ட வாசல் கேமராவில் இருந்து பிடுங்கியது. மோட்டார் மதுரையில் இருந்து தபாலில் வந்தது. இதையெல்லாம் எவன் வேண்டுமானாலும் செய்யலாம்.

கண் பார்ப்பதைக் காற்றில் தூக்கி எறிகிற பெட்டி இருக்கிறதே, தீப்பெட்டி அளவு, அதை எவனும் செய்ய முடியாது. அதை வண்டிமலை செய்தான். டிவி கேம் பெட்டிக்குள் இருக்கும் சின்னத் தகர டப்பா ஒன்று, கேபிள்காரர் டைட்டஸ் செத்துப்போன ஆம்ப்ளிபயரோடு குப்பையில் போட்ட டிரான்சிஸ்டர் ஒன்று, அப்புறம் ஒரு சுருள். சுருளில்தான் எல்லாம் இருக்கிறது. எரிந்துபோன மிக்ஸியின் செம்புக்கம்பியைக் குடைக்கம்பியில் ஐந்தரைச் சுற்று சுற்றி, நகத்தால் சுற்றுக்குச் சுற்று விலக்க வேண்டும்; முடி அளவு கூட விலகினால் படம் ஓடிவிடும், முடி அளவு குறைந்தால் திரையில் வெறும் புள்ளிமழை. பதினோரு சுருள் புள்ளிமழையாகப் போயிற்று. பன்னிரண்டாவது சுருளை விலக்கும்போது கட்டைவிரலில் வெட்டு இருந்ததால் நகத்துக்குப் பதில் தீக்குச்சியால் நெம்பினான், ஏதோ ஒரு இடத்தில் படம் கண்ணாடி மாதிரி வந்து நின்றது, உடனே மெழுகை ஊற்றி மூடிவிட்டான்.

"அளவு எழுதி வச்சுக்கிட்டியால?" என்று அவன் அக்கா உலகம்மாள் பீடி சுற்றிக்கொண்டே கேட்டாள்.

"பேசாம கெடக்கா. எழுதவா நேரம் இருக்கு?"

அவன் பார்த்துப் பார்த்துச் செய்த காரியம் ஒன்றே ஒன்றுதான்: ஏரியல் கம்பியை மாட்டாமல் பெட்டிக்குக் கரண்ட் கொடுக்கவே மாட்டான். அனுப்புகிற பெட்டிக்கு அனுப்ப இடம் இல்லாவிட்டால் அது தன் சூட்டில் தானே வெந்து செத்துப்போகும். முன்னால் நான்கு பெட்டியை அப்படித்தான் கொன்றிருந்தான்.

இந்தச் சுருளைப் பற்றித்தான் பிளஸ் ஒன் படிக்கும்போது இயற்பியல் வாத்தியாரிடம் கொண்டுபோய்க் கேட்டான். "இது போர்ஷன்ல இருக்கா?" என்றார் அவர். இல்லை. வண்டிமலை வகுப்பை விட்டு வெளியே வந்தான், வந்தவன் வந்தவன்தான், பை இன்னும் அந்த மூன்றாவது பெஞ்சில்தான் இருக்கிறது.

அதற்குப் பிறகு ஒரே ஒரு ஆள்தான் ஒழுங்காகக் கேள்வி கேட்டார். வைகாசியில் காற்றாலைகளைப் பார்க்க மாணவர்களைக் கூட்டி வந்த பொறியியல் கல்லூரி விரிவுரையாளர், மாசிலாமணி என்று பேர். குளத்துக்கரையில் எவனோ சைக்கிளில் பெட்டியைக் கட்டிக்கொண்டு அந்தக் கோடிக்கு ஓட்டுகிறான், இந்தக் கோடியில் ஒரு பையன் மடியில் நாலு அங்குலக் கறுப்புவெள்ளை டிவியை வைத்துக்கொண்டு சைக்கிள் பார்ப்பதைப் பார்க்கிறான் என்பதைக் கண்டு நின்றார். அவருடைய மாணவர்கள் விலை கொடுத்து வாங்கி வைத்திருந்த பெட்டி பாதிக் கரை தாண்டவில்லை. "தம்பி, ஆவணி பொறக்கதுக்குள்ள இதைப் பறக்க விட்டு, கையோட கழட்டிக் கொண்டா. லேபுல எனக்கு ஒரு ஆள் வேணும். சர்ட்டிபிகேட்டை நான் பாத்துக்கிடுதேன்," என்றார்.

அது நடக்காவிட்டால் என்ன நடக்கும் என்பதும் முடிவாகியிருந்தது. ஆவணி முதல் தேதியில் இருந்து காற்றாலைக் கம்பெனியில், ஊர்ப் பேச்சில் காத்தாடிக் கம்பெனியில், காவல் வேலை; உலகம்மாள் சொல்லி வைத்திருந்தாள். ஒரு காத்தாடிக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதில் உட்கார்ந்து பன்னிரண்டு மணி நேரம் காத்தாடியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஊரைச் சுற்றி அப்படி இருநூறு காத்தாடி, இருநூறு நாற்காலி, இருநூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதுவும் திருட்டுப் போனதில்லை. காத்தாடியை எவன் தூக்கிக்கொண்டு போவான்?

ஆகவே விமானம் இறங்க வேண்டும், அதற்குள் இருக்கும் பன்னிரண்டாவது சுருள் ஆடி முடிவதற்குள் வண்டிமலை கைக்கு வர வேண்டும், இல்லாவிட்டால் பிளாஸ்டிக் நாற்காலி. விமானம் ஏறின பிறகு இன்னும் ஒன்பது சுருள் சுற்றிப் பார்த்தான். ஒன்பதும் புள்ளிமழை.

ஊர் இரண்டு நாள் ஏசிற்று. மூன்றாம் நாள் கோமு மதினி தன் மாடியில் காய்கிற மிளகாய் வத்தலைத் திரையில் பார்த்துவிட்டு, "ஏ, அது நம்ம வீடுல்லா!" என்று கத்தினாள், அந்தக் கத்தலோடு ஏச்சு நின்றது. வியாழக்கிழமை மற்றச் சேனல்கள் எல்லாம் தன்னால் திரும்பி வந்தன. ஒருவரும் மாற்றவில்லை. மருமகள் விஷம் குடித்தாளோ என்னவோ, தட்டாங்குறிச்சிக்கு இன்றுவரை தெரியாது.

பிறகு மாடியைக் கூட்டினார்கள். பிறந்ததில் இருந்து கூட்டாத மாடியைக் கூட்டி, சுண்ணாம்பு அடித்து, உடைந்த கட்டிலையும் ஓட்டைக் குடத்தையும் பக்கத்து வீட்டுக்காரன் பார்க்காத நேரத்தில் பக்கத்து வீட்டு மாடிக்குத் தள்ளிவிட்டு, தங்கள் பேரை ஆள் உயர எழுத்தில் எழுதி, பேருக்குப் பின்னால் படித்த படிப்பையும் படிக்காத படிப்பையும் எழுதினார்கள். ஓட்டு வீட்டுக்காரர்கள் தார்ப்பாய் வாங்கி அதில் எழுதி ஓட்டின் மேல் கட்டினார்கள். உச்சி வழுக்கை இருந்த ஆண்கள் எல்லாரும் முதல்தடவையாக அதைப் பார்த்தார்கள், பார்த்து இரண்டு நாள் வெளியே வரவில்லை, மூன்றாம் நாள் தொப்பியோடு வந்தார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணைப் பார்க்கும் முன் டிவியில் மாடியைப் பார்த்தார்கள். ஒரு பிள்ளைக்கு மொட்டைமாடி வெயிலில் வைத்துக் காது குத்தினார்கள், அது கத்தின கத்தல் படத்தில் கேட்காது என்பதால் விமானம் தலைக்கு மேல் வரும்வரை ஆசாரியின் கையைப் பிடித்து நிறுத்தி வைத்திருந்தார்கள். மேலத்தெருவில் ஒரு பெரியவர் செத்தபோது பாடையைப் பஸ் ஸ்டாண்டில் விமானம் ஒரு சுற்று வரும்வரை இறக்கி வைத்துவிட்டுப் பிறகு தூக்கினார்கள்.

ஆனால் இதில் ஒரு சங்கடம் இருந்தது. மாடியில் நிற்பவனுக்கு டிவி தெரியாது, டிவி பார்ப்பவன் மாடியில் இல்லை. ஆகவே புருஷன் பட்டுவேட்டி கட்டி மாடியில் நின்று வானத்தைப் பார்த்துப் பல்லைக் காட்ட, பெண்டாட்டி கீழே டிவி முன்னால் உட்கார்ந்து, "வருது, வருது, இப்பம் சிரிங்க!" என்று கத்துவாள், போன பிறகு அவன் தடதடவென்று இறங்கி வந்து, "எப்பிடிட்டி இருந்தேன்?" என்பான், "நல்லாத்தான் இருந்திய," என்பாள் அவள், அவள் பார்த்தது என்னவோ ஒரு புள்ளி. தெருவில் நடந்துகொண்டிருப்பவன் தலைக்கு நேர் மேலே குளவி மாதிரி இரைந்துகொண்டு விமானம் போகும். அவன் அண்ணாந்து பார்க்க மாட்டான், வீட்டுக்குள் ஓடுவான். ராத்திரியில் திரை முழுக்க இருட்டு, நாலு தெருவிளக்கு. அதையும் தூக்கம் வராதவர்கள் முறைவைத்துக்கொண்டு பார்த்தார்கள், தங்கள் வாசல் டியூப்லைட் எரிகிறதா என்று.

இத்தனையையும் வண்டிமலை களத்துமேட்டுப் புளியமரத்தடியில் உட்கார்ந்து, மடியில் அந்த நாலு அங்குல டிவியை வைத்துக்கொண்டு பார்த்தான், பார்த்துப் பார்த்து ஏசினான். அந்த டிவியில் இருப்பது ஒரே ஒரு திருகு. இடது பக்கம் திருகினால் டக்கென்று அணையும், வலது பக்கம் திருகினால் வெளிச்சம் கூடும்.

"கூறுகெட்ட கூட்டம்," என்றான் அக்காவிடம். "மூணு வேளையும் தன் மாடியவே பாத்துக்கிட்டுக் கெடக்கு. இதுல பாக்க என்னக்கா இருக்கு?"

"நீ என்ன பண்ணுத?" என்றாள் உலகம்மாள், சாப்பாட்டுத் தூக்கை வைத்துவிட்டு.

"நான் பாக்கலக்கா. கவனிக்கேன். காத்து எந்தப் பக்கம், எம்புட்டு உயரம், எல்லாம் கணக்கு."

"ஆமா, கணக்கு," என்றாள் அவள்.

ஆடியில் காற்று வீசும், காற்று வீசினால் காத்தாடி சுற்றும், காத்தாடி சுற்றினால் கரண்ட் போகாது. ஆனால் ஆடி பதினான்காம் தேதி மத்தியானம் டிரான்ஸ்பார்மர் வெடித்து ஊரே அணைந்தது. புளியமரத்தடியில் இருந்த வண்டிமலைக்கு முதலில் சத்தம்தான் மாறிற்று. குளவி கிட்டத்தில் இரைந்தது. அண்ணாந்து பார்த்தால் விமானம் காத்தாடி உயரத்துக்கு வந்திருந்தது. ஒரு சுற்று, பனை உயரம். இன்னொரு சுற்று, தென்னை உயரம். றெக்கையில் சங்கரபாண்டியின் அரைமீசை மயிர் மயிராகத் தெரிந்தது, மூக்கு ஓட்டை தெரிந்தது. வண்டிமலை ஒரு கையால் மடி டிவியைப் பிடித்துக்கொண்டு மறு கையை நீட்டியபடி களத்தில் ஓடினான். தென்னை உயரத்துக்குக் கீழே அது வரவில்லை. முக்கால் மணி நேரம் அங்கேயே சுற்றிற்று. பிறகு ஊருக்குள் கரண்ட் வந்தது, ஆயிரத்துச் சொச்சம் வீட்டில் ஒரே நேரத்தில் டிவி எரிந்தது, விமானம் நூல் கட்டி இழுத்தது மாதிரி ஜிவ்வென்று மேலே போய்விட்டது.

அப்போதுதான் அவனுக்கு விளங்கிற்று. அனுப்புகிற பெட்டிக்கு அனுப்ப இடம் வேண்டும். இத்தனை கண் வாங்கிக்கொண்டே இருந்தால் அது ஏன் சாகும், ஏன் இறங்கும்? இவர்கள் பார்க்கிறார்கள், அதனால் அது பறக்கிறது.

இதைத் தெரிந்துகொண்ட வேறு எவனாக இருந்தாலும் வாயை மூடிக்கொண்டு ஏதாவது தந்திரம் செய்திருப்பான். வண்டிமலை நேராக டீக்கடைக்குப் போனான், அங்கே சங்கரபாண்டியும் டைட்டஸும் இருந்தார்கள், ஊரில் பாதி இருந்தது, அவர்கள் முன்னால் நின்று சொன்னான்: "எல்லாரும் பாத்துக்கிட்டே இருக்கதாலதான் அது இறங்க மாட்டேங்கு. தென்னை உயரத்துக்கு வந்துட்டு, நீங்கதான் ஏத்திவிட்டுட்டிய. ஒரு அரைமணி நேரம் எல்லாரும் டிவிய அணைங்க. நான் என் பெட்டியை எடுத்துக்கிட்டுப் போயிருதேன்."

சங்கரபாண்டி டீ டம்ளரைக் கீழே வைத்தான்.

"அப்பம் பாக்காட்டி விழுந்திருமா?" என்றான் சங்கரபாண்டி, மெதுவாக.

"விழும். அதுக்குத்தான சொல்லுதேன்."

"தம்பி," என்றார் டைட்டஸ், "அதுக்கு நாப்பத்தேழுன்னு சேனல் நம்பர் குடுத்து லிஸ்ட் அடிச்சிட்டேன்டே."

"அது உங்க சேனலா அண்ணாச்சி? உங்க வயர்லயா வருது? நான் செஞ்சது."

"நீ செஞ்சதுதாம்லே," என்றான் சங்கரபாண்டி, "ஆனா றெக்கையில இருக்கது யாரு மீசை? ஊரே நம்பி மாடிக்கு வெள்ளையடிச்சிருக்கு. உன் ஒருத்தன் வேலைக்காக ஊரு கண்ண மூடணுமாக்கும்? போ, போய் வேற ஒண்ணு செய்யி. செஞ்சவனுக்கு இன்னொண்ணு செய்யத் தெரியாதா?"

தெரியாது. அதைச் சொல்ல வண்டிமலைக்கு வாய் வரவில்லை. அவன் வாழ்க்கையில் சொல்லாமல் விட்ட உண்மை அது ஒன்றுதான்.

மறுநாள் பஸ் ஸ்டாண்டில் டீசல் ஜெனரேட்டர் வந்து இறங்கிற்று, கரண்ட் போனாலும் ஒரு டிவியாவது எரிய வேண்டும், ஒரு கண்ணாவது பார்க்க வேண்டும் என்று. பார்க்கிறதை யார் பார்ப்பது என்று கேள்வி வந்தது. அதற்கு ஊரில் ஏற்கெனவே ஒரு வழி இருந்தது. அம்மன் கோயில் கொடைக்கு மண்டகப்படி வைப்பார்களே, முதல் நாள் இன்னார், இரண்டாம் நாள் இன்னார் என்று, அதே மாதிரி விமானத்துக்கும் மண்டகப்படி வைத்தார்கள். மஞ்சள் தாளில் நோட்டீஸ் அடித்தார்கள். ஒரு நாள் ஆட்டோ ஸ்டாண்டு, ஒரு நாள் பீடித் தொழிலாளர், ஒரு நாள் மேலத்தெரு இளைஞர் மன்றம், ஒரு நாள் காத்தாடிக் காவலர்கள். முறைக்காரர்கள் காலையில் மேளத்தோடு வந்து, டிவிக்கு மாலை போட்டு, பந்தலில் உட்கார்ந்து, சாயங்காலம் வரை பார்த்து, சுண்டல் கொடுத்துவிட்டுப் போனார்கள். நோட்டீசில் ஜெனரேட்டர்காரன் பேர் இருந்தது, பந்தல்காரன் பேர் இருந்தது, சுண்டல் அவித்தவன் பேர் இருந்தது. வண்டிமலை பேர் இல்லை. அவன் அதை ஒரு தடவை படித்தான், மடக்கினான், அடுத்த சுருளுக்கு அடியில் வைத்து ஈயம் பற்றவைத்தான். அதுவும் புள்ளிமழை.

"அன்னைக்குத் தென்னை உயரத்துல நின்னுட்டுன்னியே," என்றாள் உலகம்மாள் ஒருநாள், பீடி இலையை வெட்டிக்கொண்டே. "ஊரு பூரா கரண்ட் இல்ல. பொறவு எதுக்கு நின்னுது?"

"எவனாவது இன்வெர்ட்டர் வச்சிருப்பான்."

"உன் மடியில இருந்தது ஓடிக்கிட்டுல்லா இருந்துது?"

"அது பேட்டரிக்கா."

"பேட்டரின்னா கண்ணு இல்லையா?"

அவனுக்குக் கோபமாக வந்தது. அவள் பீடி சுற்றுகிறவள், அவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்தான். நினைத்துவிட்டு அந்த டிவியைத் துண்டால் துடைத்து வெயில் படாமல் வைத்தான்.

ஊர் நல்லெண்ணத்தால் ஒரு காரியமும் செய்ததில்லை, ஆனால் பொறாமையால் எதையும் செய்யும். ஆடி கடைசி நாள் மண்டகப்படி யாருக்கு என்று தகராறு வந்தது. எல்லாரும் கேட்டார்கள். சங்கரபாண்டி வியாபாரிகள் சங்கத்துக்குச் செயலாளர், ஆகவே வியாபாரிகள் சங்கத்துக்குக் கிடைத்தது, நோட்டீசில் அவர்கள் பேர் மட்டும் சிவப்பு மையில் விழுந்தது. ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்கள், "அவனுவளுக்குச் செவப்பு, நமக்குக் கறுப்பா? அன்னைக்கு நம்ம வீட்டுல ஒருத்தன் பாக்கப்பிடாது," என்று கட்டுப்பாடு போட்டார்கள். அது கேட்டு மேலத்தெருவும் போட்டது. பீடிக்காரப் பெண்கள், "எங்க பேரைச் சுண்டல்காரனுக்குக் கீழ போட்டியல்ல, நீங்களே பாத்துக்கிடுங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்கள். காத்தாடிக் காவலர்கள் சும்மா இருந்தால் மரியாதை இல்லை என்று அவர்களும் போட்டார்கள். ஒவ்வொரு வீட்டிலும் டிவியை அணைக்கும்போது ஒரே மாதிரிதான் சொல்லிக்கொண்டார்கள்: நாம பாக்காட்டி என்ன, மத்தவன் பாப்பான், அப்பிடியே விழுந்தாலும் அவனுவ முறையிலதான விழும், விழட்டும்.

ஆடி கடைசி நாள் காலை பத்து மணிக்குப் பந்தலில் சங்கரபாண்டி பட்டுச்சட்டையோடு தனியாக உட்கார்ந்திருந்தான். சங்கத்து வியாபாரிகள் கடையைத் திறந்துவிட்டு வருவதாகச் சொன்னார்கள், வரவில்லை. சுண்டல் ஆறிற்று. மேளக்காரர்கள் பீடி குடிக்கப் போனார்கள். அவன் அரைமணி நேரம் பார்த்தான், முக்கால் மணி நேரம் பார்த்தான், தான் பார்ப்பதைப் பார்க்க ஒரு நாய்கூட இல்லை என்பது தெரிந்தது. "ஒருத்தனும் வராம நான் மட்டும் என்ன எழவுக்குப் பாக்கணும்?" என்று எழுந்து, ஜெனரேட்டரை அணைத்துவிட்டு, மாலையையும் கழற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனான். டைட்டஸ் வீட்டில் மட்டும் ஒரு டிவி ஓடிற்று. நாற்பத்தேழாம் நம்பரை ஒரு வீட்டிலும் வைக்கவில்லை என்று கேள்விப்பட்டதும் அவரும் கிரிக்கெட்டுக்கு மாற்றினார். இருபத்தெட்டு நாளில் முதல்தடவையாகக் கரண்ட் இருந்தும் தட்டாங்குறிச்சி தன்னைப் பார்க்கவில்லை.

களத்துமேட்டில் குளவி இரைந்தது.

"யக்கா!" என்று கத்தினான் வண்டிமலை. உலகம்மாள் அன்றைக்கு வீட்டு டிவியைத் தொடவில்லை, பீடிப் பெண்களின் கட்டுப்பாட்டில் அவளும் சேர்ந்திருந்தாள், ஊர் முழுக்க அணைத்துவிட்டது என்று சொல்லத்தான் ஓடி வந்திருந்தாள். பனை உயரம் வந்தது. தென்னை உயரம் வந்தது. அரைமீசை வந்தது, மூக்கு ஓட்டை வந்தது, தெர்மாகோலில் "ஐஸ் போடவும்" என்று மீன் கம்பெனிக்காரன் எழுதியிருந்தது வந்தது. தென்னையையும் தாண்டி இன்னும் கொஞ்சம் இறங்கிற்று, ஒரு ஆள் தோளில் இன்னொரு ஆள் ஏறினால் தொடலாம், அந்த உயரத்தில் நின்று அவன் தலைக்கு மேல் சின்ன வட்டமாகச் சுற்றத் தொடங்கிற்று.

"அதை அணைலே," என்றாள் உலகம்மாள்.

"எதை?"

"மடியில வச்சிருக்கியே, அதை. ஊரே அணைச்சிட்டு. ஒன்னோடது மட்டுந்தான் எரியிது. அணை, விழட்டும். மாசிலாமணி சாருக்குப் போன் பண்ணிட்டேன், சாயங்கால பஸ்ஸுல வாரோம்னு சொல்லிட்டேன்."

"இந்தா அணைக்கேன்," என்று திருகில் கட்டைவிரலை வைத்தான். வைத்தவன் திரையைப் பார்த்தான்.

செம்மண் தரை. புளியமர நிழல். சேலைத் தலைப்பு பறக்க ஒரு பெண். அவளுக்குப் பக்கத்தில் ஒரு தலை, வட்டமாக, தெளிவாக, மயிர் மயிராக. உச்சியில் இரண்டு சுழி. பதினேழு வருஷமாகத் தன் தலையில் இரண்டு சுழி இருக்கிறது என்பது அவனுக்குத் தெரியாது. இத்தனை நாளும் அந்தக் களத்துமேட்டை விமானம் கடந்தபோதெல்லாம் அவன் ஒரு புள்ளியாகத்தான் இருந்தான், மிளகாய் வத்தல் அளவு, அந்த வத்தல் அளவையும் அவன் ஒரு நாளும் தவற விட்டதில்லை. இப்போது தோள் தெரிந்தது. காது தெரிந்தது. முகம் மட்டும் தெரியவில்லை, ஏனென்றால் அவன் குனிந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்தால் திரையில் முகம் வரும். நிமிர்ந்தால் திரையைப் பார்க்க முடியாது.

நிமிர்ந்தான், குனிந்தான். உச்சிதான் இருந்தது. மறுபடி நிமிர்ந்தான், வெடுக்கென்று குனிந்தான். உச்சிதான்.

"யக்கா," என்றான். "நான் மேல பாக்கேன். நீ இதைப் பாத்து, எப்பிடி இருக்கேன்னு மட்டும் சொல்லு."

சொன்ன பிறகுதான் அது யார் பேச்சு என்று அவன் காதில் விழுந்தது. பட்டுவேட்டியோடு மாடியில் நின்று பல்லைக் காட்டின ஒவ்வொருவன் பேச்சும் அதுதான். உலகம்மாள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

"நான் பாக்க மாட்டேன்," என்றாள். அவள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு நின்றாள், ஒரு மாதமாக ஊரில் யாரும் செய்யாத காரியம் அது. "அணைலே மூதி. இடது பக்கம் திருகு. காலம்பூரா அந்த நாக்காலியில உக்காந்து கெடக்கணுமால?"

காற்று ஒரு நொடி விட்டது. விமானம் ஒரு சாண் இறங்கிற்று, ஏரியல் கம்பியின் நுனி வண்டிமலையின் தலைக்கு மேலே ஆடிற்று, பன்னிரண்டாவது சுருள் அதற்குள் மெழுகில் இருந்தது. திரையில் இரண்டு சுழியும் இன்னும் பெரிதாகத் தெரிந்தன, ஆனால் உச்சி வெயிலில் படம் கொஞ்சம் மங்கல்.

அவன் வலது பக்கம் திருகினான்.